எகிறும் உயரம் தரையிலேயே முடிவாகிவிடும்: வீட்டில் பயிற்சி செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் பக்கம் போனாலும் சரி, மேலூர், உசிலம்பட்டி பக்கத்து ஊர் மந்தைகளுக்குப் போனாலும் சரி, சாயங்காலம் வலை கட்டி வாலிபால் ஆடுகிற இடத்தில் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. "எகிற மாட்டேங்குதா? தினமும் 500 ஸ்கிப்பிங் போடு தம்பி" என்பார் ஒருவர். காலில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடச் சொல்வார் இன்னொருவர். கெண்டைக்கால் திரண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்பார் மூன்றாமவர். யூடியூபைத் திறந்தால், 15 நாளில் ஒரு அடி ஏற்றிக் காட்டுகிறேன் என்று சட்டையில்லாமல் ஒருவர் நிற்பார்.

இத்தனை யோசனைக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் ஓடுகிறது: கால் எவ்வளவு ஓய்ந்துபோகிறதோ அவ்வளவுக்கு உயரம் கூடும். மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தால், அன்றைக்கு நல்ல பயிற்சி என்று அர்த்தம். நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு இது ஓரளவு பொருந்தலாம். நின்ற இடத்திலிருந்து மேலே எகிறுவதற்குப் பொருந்தவே பொருந்தாது. ஏன் என்பது புரிந்துவிட்டால், வீட்டில் எதைச் செய்யலாம், எதை விடலாம் என்பது பாதி தானாகவே விளங்கும்.

கால் தரையை விட்ட பிறகு

உண்டிவில்லில் கல்லை வைத்து இழுத்து விடுகிறோம். கல் கைவிட்டுப் போன பிறகு நாம் என்ன செய்தாலும் அது இன்னும் கொஞ்ச தூரம் போய்விடாது. ரப்பரின் பிடியில் இருந்த அந்தக் கண நேரத்திலேயே எல்லாம் முடிவாகிவிட்டது. குதிப்பதும் அப்படித்தான். கால் தரையை விட்ட பிறகு காற்றில் கையை உதறினாலும், முழங்காலை மடக்கினாலும், உடம்பின் நடுமையம் ஒரு அங்குலம்கூடக் கூடுதலாக ஏறாது. முழங்காலை மடக்கினால் பாதம் உயரத்தில் தெரியும், அவ்வளவுதான். இன்ஸ்டாகிராமில் உயரமான பெட்டி மேல் ஏறிக் குதிக்கிற வீடியோக்களில் பாதி இந்த வித்தைதான்.

தரையை விடும் நொடியில் உடம்பு மேல்நோக்கிப் போகும் வேகத்துக்குப் புறப்பாட்டு வேகம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உயரத்தைத் தீர்மானிப்பது இது ஒன்றுதான். நொடிக்கு 2.8 மீட்டர் இருந்தால் உடம்பு 40 செ.மீ. ஏறும். 3.1 மீட்டர் இருந்தால் 50 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். 3.4 மீட்டர் இருந்தால் 60-ஐத் தொட்டுவிடலாம். ஒல்லியானவர், குண்டானவர் எல்லாருக்கும் இதே கணக்குதான்.

சரி, இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? தரையை நாம் கீழே தள்ளுவதிலிருந்து. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம், தள்ள எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்ற இரண்டும்தான் விஷயம். ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 50 செ.மீ. எகிற வேண்டும். முழங்காலை மடக்கி இறங்கியதும், அங்கிருந்து கால் தரையை விடும் வரை அவர் உடம்பு 40 செ.மீ. தூரம் மேலே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், அந்தத் தூரம் முழுக்க அவர் கால்கள் சராசரியாக 135 கிலோ பாரத்தைத் தாங்குகிற அளவுக்குத் தரையைத் தள்ளியாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ கால் நொடி, அதாவது 0.25 நொடி.

அந்தக் கால் நொடியில்தான் சிக்கலே. ஒரு தசை தன் முழு பலத்தையும் எட்ட, பொதுவாக 0.3 நொடிக்கும் மேலே ஆகும். அதாவது முழு பலமும் வந்து சேருவதற்குள் கால் தரையை விட்டுவிடுகிறது. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிறவரின் கால் பலத்தைப் பற்றி யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அவரை வலைக்கு முன்னால் நிறுத்தி எகிறச் சொன்னால், அவரில் பாதி எடைகூட இல்லாத கல்லூரிப் பையன் அவரைத் தாண்டிவிடலாம். பலம் இருப்பது ஒன்று. அது எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறது என்பது வேறொன்று. இந்த இரண்டாவதை விசை எழும் வேகம் என்பார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கிவிடலாம். உயரம் என்பது புறப்பாட்டு வேகம். அந்த வேகம் கால் நொடிக்குள் தரையை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம் என்பதிலிருந்து வருகிறது. ஆகவே வளர்க்க வேண்டியவை இரண்டு: பலம், அந்தப் பலம் வெளிப்படும் துரிதம்.

குனிந்ததும் உடனே எழுவது ஏன்

யாரைக் குதிக்கச் சொன்னாலும் முதலில் சட்டென்று கீழே இறங்கி, அதே வேகத்தில் மேலே கிளம்புவார்கள். யாரும் சொல்லித் தருவதில்லை. குழந்தைகூட அப்படித்தான் செய்யும். இறங்கும்போது தொடைத் தசையும் பிட்டத் தசையும் கெண்டைக்காலும் நீட்டப்படுகின்றன. நீட்டப்பட்ட உடனே சுருங்கினால் கூடுதல் பலம் கிடைக்கிறது. இதற்கு நீட்சி-சுருக்கச் சுழற்சி என்று பெயர். தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நார்ப்பட்டை, அதாவது தசைநாண், நீளும்போது கொஞ்சம் சக்தியைச் சேர்த்துவைத்துத் திருப்பித் தருகிறது. குதிகாலுக்கு மேலே கையால் தடவிப் பார்த்தால் கம்பிபோலத் தட்டுப்படுகிறதே, அதுதான் உடம்பிலேயே தடித்த தசைநாண். அது ஒரு காரணம். இறங்கி நிறுத்தும்போதே தசை முறுக்கேறிவிடுவதால், மேலே தள்ளத் தொடங்கும் கணத்தில் பலம் ஏற்கெனவே தயாராக இருப்பது இன்னொரு காரணம். எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம்.

உண்டிவில் கணக்கு இந்த இடத்தில் உதவாது. ரப்பரை இழுத்துப் பிடித்தபடி பத்து நொடி காத்திருந்தாலும் கல் அதே வேகத்தில் போகும். தசை அப்படி இல்லை. இறங்கிய நிலையில் நின்றால் கூடுதல் பலம் கரைந்துபோகும். சந்தேகமிருந்தால் இப்போதே பார்த்துவிடலாம். ஒரு தடவை கீழே இறங்கி, மூன்று நொடி அப்படியே நின்று, பிறகு எகிறுங்கள். இன்னொரு தடவை இறங்கியதும் நிற்காமல் எகிறுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது சில செ.மீ. அதிகமாக இருக்கும். இந்த இரண்டு எண்களையும் எங்காவது குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும். எப்படி அளப்பது என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

இந்தச் சுழற்சியைத் துரிதப்படுத்தச் செய்யும் குதிப்புப் பயிற்சிகளுக்குத்தான் பிளையோமெட்ரிக்ஸ் என்று பெயர். 1960-களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி, உயரத்திலிருந்து கீழே இறங்கி, தரையைத் தொட்டதும் மேலே எகிறுகிற பயிற்சியைத் தம் வீரர்களுக்குக் கொடுத்தார். இன்று வீடியோக்களில் வருவதெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். ஏற்கெனவே நல்ல பலம் சேர்த்திருந்த வீரர்களுக்காகத்தான் அவர் அதை வைத்தார் என்பதை மட்டும் வீடியோக்காரர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

கைவீச்சையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக் குதியுங்கள். பிறகு கையைப் பின்னுக்கு வீசி, மேலே கொண்டுவந்து குதியுங்கள். வித்தியாசம் 10 சதவீதம் அளவுக்கு வரும், சிலருக்கு அதற்கு மேலும். காசு செலவில்லாமல், ஒரே நாளில் ஏறக்கூடியது இது ஒன்றுதான்.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

அளக்காமல் பயிற்சி செய்தால், கூடியதா இல்லையா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்துத்தான் இருக்கும். டட்லி சார்ஜென்ட் என்ற அமெரிக்க உடற்கல்வி ஆசிரியர் 1921-ல் எழுதிய சோதனை இன்றும் போதுமானது. சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் நின்று, குதிகாலைத் தூக்காமல் கையை உயர்த்தி எட்டிய இடத்தில் ஒரு குறி. பிறகு எகிறித் தொட்ட இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் இடையே இன்ச் டேப் பிடித்தால் உயரம் வந்துவிடும்.

குறிக்கு சாக்பீஸ் தேடி அலைய வேண்டாம். விரல் நுனியில் கோலமாவு தொட்டுக்கொண்டால் பச்சை, நீலச் சுவர்களில் பளிச்சென்று விழும். வெள்ளைச் சுவரில் தெரியாது. அங்கே பூச்சு மட்டும் முடிந்து வண்ணம் அடிக்காத மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோ, மாடிப்படி அறையின் வெளிச் சுவரோ கிடைத்தால், விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் போதும், கருப்பாக ஈரத்தடம் விழும். நம் ஊர் வெயிலில் அது இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும் என்பதால் டேப்பை முதலிலேயே கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் பெயிண்ட் அடித்த சுவரில் இந்தச் சோதனையைச் செய்து வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வழி செல்போன். தரையோடு தரையாக ஒரு செங்கல்லில் சாய்த்துவைத்து, ஸ்லோமோஷனில் பாதத்தைப் படம்பிடியுங்கள். விரல் தரையை விட்ட படத்திலிருந்து மறுபடி தொடும் படம் வரை எண்ணினால், காற்றில் இருந்த நேரம் கிடைக்கும். நொடிக்கு 240 படம் எடுக்கும் போனில் 132 படம் வந்தால் 0.55 நொடி. அந்த நேரத்தை அதனோடே பெருக்கி, 1.23-ஆல் மறுபடி பெருக்கினால் மீட்டரில் உயரம்: 0.37, அதாவது 37 செ.மீ. இறங்கும்போது காலை நீட்டியே வைத்திருக்க வேண்டும், மடக்கினால் பொய்க்கணக்கு வரும்.

சுவர்க் கணக்கும் போன் கணக்கும் ஒத்துப்போகாது. சுவரில், தட்டையாக நின்ற நிலையிலிருந்து அளக்கிறோம். குதிகால் எழும்புகிற உயரமும் அதில் சேர்ந்துவிடும். போனில், நுனிவிரலில் நிற்கும் நிலைக்குப் பிறகு ஏறியது மட்டும்தான் வரும். அதனால் சுவர் எப்போதும் கூடுதலாகக் காட்டும். "அவன் 60, நான் 48" என்று வருத்தப்படுவதற்கு முன்னால், அவன் எப்படி அளந்தான் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பலம் சேர்ப்பது

எகிறும்போது பெரும் வேலை இடுப்புக்கும் முழங்காலுக்கும் உரியது. பிட்டத் தசையும் முன்தொடையும்தான் முதல் ஆட்கள். கெண்டைக்கால் கடைசிக் கணத்தில் வந்து சேர்ந்துகொள்கிறது. ஆகவே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதை மட்டும் செய்துகொண்டிருந்தால் பாதிக் கிணறுகூடத் தாண்ட முடியாது.

பழைய உடற்பயிற்சி சாலைகளில் தண்டாலோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்த பஸ்கிதான் அடித்தளம். பாதத்தைத் தோள் அகலத்துக்கு வைத்து, குதிகால் தரையிலேயே இருக்க, தொடை தரைக்கு இணையாக வரும்வரை நிதானமாக இறங்கி, எழும்போது மட்டும் வேகமாக எழுங்கள். ஒரே மூச்சில் 20 சுலபமாக வருகிறதென்றால் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், பாரத்தைக் கூட்டுங்கள். 100 பஸ்கி என்பது தாங்குதிறனைத்தான் வளர்க்கும். நமக்கு வேண்டியது கால் நொடிப் பலம். புத்தகம் அடைத்த ஸ்கூல் பையில் தொடங்கலாம். அதன் பிறகு வீட்டு வாசலில் வந்து இறங்குகிற தண்ணீர் கேன் இருக்கிறது. 20 லிட்டர் என்றால் 20 கிலோ. மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு 8 முதல் 10 தடவை, மூன்று சுற்று. அதுவும் லேசாகிவிட்டால், பின்காலை ஒரு முக்காலியில் வைத்து ஒற்றைக் காலில் இறங்கி எழுங்கள். கேன் இல்லாமலே தொடை நடுங்கும்.

அத்துடன் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கும் பயிற்சி. பழகியதும் ஒற்றைக் காலில். படிக்கட்டின் விளிம்பில் நின்று ஒற்றைக் குதிகாலைத் தூக்கி இறக்குவது. இவ்வளவு போதும்.

துரிதம் சேர்ப்பது

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். குதிப்புப் பயிற்சியில் ஒவ்வொரு குதிப்பும் முழு முயற்சியாக இருக்க வேண்டும். ஐந்து தடவை எகிறிவிட்டு, ஒன்றரை இரண்டு நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள், போனைப் பாருங்கள், அடுத்த வீட்டுக்காரரோடு பேசுங்கள். சும்மா நிற்பதுபோலத்தான் தோன்றும், பயிற்சியாகவே தெரியாது. ஆனால் அந்த ஓய்வு இல்லாவிட்டால் ஆறாவது குதிப்பு முதல் குதிப்பைவிடத் தாழ்வாகவும் மெதுவாகவும் இருக்கும். உடம்பு எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைத்தான் கற்றுக்கொள்ளும். களைத்துப்போய் எகிறிக்கொண்டிருந்தால், மெதுவாக எகிறுவதைத்தான் அதற்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

முதல் இரண்டு வாரம் இறங்கப் பழகுங்கள். ஒரு படி உயரத்திலிருந்து இறங்கி, சத்தமில்லாமல் தரையைத் தொட வேண்டும். முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். சத்தம் கேட்டால் அதிர்ச்சியை மூட்டு வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம் மூன்று நொடி நின்று எகிறுவது, நிற்காமல் எகிறுவது, இரண்டு காலையும் சேர்த்து முன்னோக்கித் தாண்டுவது, முழங்காலை அதிகம் மடக்காமல் கணுக்காலால் மட்டும் துள்ளுவது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 40 குதிப்பு தாராளம். வெர்கோஷான்ஸ்கியின் உயரத்திலிருந்து இறங்கி எகிறும் பயிற்சியை, சில மாதம் பலம் சேர்த்த பிறகு, 30 செ.மீ. உயரத்தில் தொடங்கினால் போதும்.

வாரத்துக்கு இரண்டு நாள், மிஞ்சிப்போனால் மூன்று. ஒரு பயிற்சி நாளுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ஒரே நாளில் குதிப்பு, பஸ்கி இரண்டையும் செய்தால் குதிப்பு முதலில், பஸ்கி பிறகு. களைப்பதற்கு முன்னால் துரிதம், களைத்த பிறகு பலம். வாரத்தில் நான்கு நாள் வாலிபால் ஆடுகிறவர் அங்கே எகிறுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டைச் சுற்றி மண் தரை இருந்தால் அதுதான் சிறந்தது. மொட்டைமாடித் தட்டோடு கடினம், ஈரமானால் வழுக்கும், ஏப்ரல் மே மாதங்களில் பகலில் கால் வைக்கவே முடியாது; கீழ்வீட்டுக்காரருக்கு வேறு தலைக்கு மேலே இடி விழும். ஷூ போட்டுக்கொண்டு காலை ஏழு மணிக்கு முன்னால் முடித்துவிடலாம். மணலில் குதித்தால் மூட்டுக்கு இதம், ஆனால் கால் புதைவதால் நீட்சி-சுருக்கத் துள்ளல் வீணாகும். முதல் சில வாரங்களுக்கு நல்லது, அதிலேயே நின்றுவிடக் கூடாது.

ஆக, பலத்துக்குப் பாரம், துரிதத்துக்கு ஓய்வோடு கூடிய முழு முயற்சி. இரண்டிலும் எண்ணிக்கையைத் துரத்த வேண்டியதில்லை.

நாலு பேர் சொல்வது

ஸ்கிப்பிங் கெடுதல் இல்லை. கணுக்காலுக்கு நல்லது, உடம்பைச் சூடேற்ற அருமை. ஆனால் ஒவ்வொரு துள்ளலும் சில செ.மீ. உயரம்தான், 500 போட்டால் மூச்சு வளரும், எகிறல் அதிகம் வளராது. காலில் கட்டும் மணல் மூட்டை, பாரத்தைக் காலின் கடைசி முனையில் தொங்கவிட்டு அசைவையே மெதுவாக்குகிறது. பாரம் வேண்டுமென்றால் நெஞ்சோடு அணைத்துப் பஸ்கி போடுவதே மேல்.

எகிறிக் குதித்தால் ஆள் உயரமாக வளர்வான் என்று பெற்றோர் சிலர் பிள்ளைகளை பாஸ்கெட்பாலில் சேர்த்துவிடுகிறார்கள். எலும்பு நீள்வது அதன் முனைகளில் உள்ள வளர்தகடுகளில். பருவ வயது முடிந்து அவை மூடிவிட்டால் எந்தக் குதிப்பும் ஆளை உயர்த்தாது. உயரமானவர்கள் அந்த ஆட்டத்தில் நிலைக்கிறார்கள், அதைப் பார்த்து ஆட்டம்தான் உயர்த்தியது என்று நினைத்துக்கொள்கிறோம்.

வலி வந்தால்

தொடைத் தசை வலிப்பது இரண்டு நாளில் போய்விடும். முழங்கால் சில்லுக்கு நேர் கீழே, ஒரு விரலால் காட்டக்கூடிய இடத்தில் வலித்தால் அது வேறு சமாச்சாரம். தசைநாண் தாங்குவதற்கு மேல் வேலை வாங்குகிறோம் என்று பொருள். ஜம்பர்ஸ் நீ (jumper's knee), அதாவது குதிக்கிறவர் முழங்கால் என்பது இதுதான். குதிப்பை நிறுத்திவிட்டு, பாரத்தோடு மெதுவான பஸ்கியை வலி கூடாத அளவுக்குத் தொடரலாம். இரண்டு மூன்று வாரத்தில் தணியாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்ட வேண்டும். 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும் உண்டு. வேகமாக வளரும் வயதில் தசைநாண் எலும்பை இழுப்பதால் வருவது. "ஒண்ணுமில்ல, ஆடு" என்று துரத்தாமல் குதிப்பைக் குறைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டு வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாது.

எவ்வளவு கூடும், அடுத்து என்ன

ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சில வாரம் ஒழுங்காகச் செய்த பிளையோமெட்ரிக்ஸ் பயிற்சியால் உயரம் சராசரியாக 5 முதல் 10 சதவீதம் வரை கூடுகிறது. 40 செ.மீ. எகிறுகிறவர் 42 முதல் 44 வரை வருவார். பலப் பயிற்சியும் சேர்ந்தால், புதிதாகத் தொடங்குகிறவருக்கு இன்னும் கொஞ்சம் மேலே. 15 நாளில் ஒரு அடி என்பது கதை. ஆனால் 4 செ.மீ.யை அலட்சியமாக நினைக்காதீர்கள். ஆண்கள் வாலிபால் வலை 2.43 மீட்டர். நின்று கையை உயர்த்தினால் 2.20 எட்டுகிறவருக்கு, வலைக்கு மேலே பந்தைக் கீழ்நோக்கி அடிப்பதா, வலையில் மோதுவதா என்பது அந்த 4 செ.மீ.யில் இருக்கிறது.

முதல் மூன்று நான்கு வாரத்தில் கால் பருக்காமலே உயரம் ஏறும். நரம்புகள் கூடுதல் தசை இழைகளை, முன்னைவிடச் சீக்கிரமாக அழைக்கக் கற்றுக்கொள்வதால் வருவது அது. அதன்பின் ஏற்றம் மெதுவாகும், பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

எட்டு வாரம் முடிந்ததும், குறித்துவைத்த இரண்டு எண்களை எடுங்கள்: மூன்று நொடி நின்று எகிறியது, நிற்காமல் எகிறியது. இரண்டையும் அதே சுவரில், அதே நேரத்தில், ஓய்ந்த காலோடு இல்லாமல் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்தால், பலம் இருக்கிறது, துள்ளல் பயன்படவில்லை. அடுத்த எட்டு வாரம் குதிப்பைக் கூட்டி, பாரத்தை இருக்கிற அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி அதிகமாக இருந்து, நின்று எகிறும் எண் அசையவே இல்லையென்றால், தண்ணீர் கேன் பக்கம் திரும்ப வேண்டும்.